ஆங்கில வாக்கியமும் நம் வாக்குமூலமும்

ஆங்கிலம் என்று சொன்ன மாத்திரத்தில் நம்மவரில் இரு சாரார் எழுந்து நிற்கின்றனர். "அது துரைமார் மொழி, துரை போனான், மொழியும் போகட்டும்" என்பர் ஒரு சாரார். பிள்ளையைத் தமிழ்ப்பள்ளியிலிருந்து பிடுங்கி வேறிடத்தில் நட்டால்தான் ஆங்கிலம் முளைக்கும் என்பர் மற்றொரு சாரார். இரு சாராரோடும் நமக்கு உடன்பாடில்லை. நாம் சொல்ல வந்தது சிறிய விஷயம். பால் வெட்டும் தோழரும் செக்ரோல் எழுதும் கிராணியும் இருபது முப்பது ஆங்கில வினைச்சொற்களின் இறந்தகால வடிவத்தையும், ஆங்கில வாக்கியத்தில் எந்தச் சொல் எங்கே நிற்கவேண்டும் என்பதையும் வாயால் சொல்லிப் பழகிவிடவேண்டும். அவ்வளவே.

இதற்குச் சங்கப் பத்திரிகையில் எதற்கு இடம் என்று கேட்பீர்கள். காரணம் உண்டு. 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டத்தின் 14ஆம் பிரிவு, ஒழுங்கீனம் என்று சொல்லி ஒரு தொழிலாளியை நீக்குவதற்கு முன் முறையான விசாரணை நடத்தவேண்டும் என்கிறது. நீக்கிவிட்டார்கள், அது அநியாயம் என்று தோன்றினால், 1967ஆம் ஆண்டுத் தொழில் உறவுச் சட்டத்தின் 20ஆம் பிரிவின்படி 60 நாட்களுக்குள் முறையிடவேண்டும். சட்டம் சரிதான். ஆனால் அந்த விசாரணையில் நடப்பது என்ன? தோழர் தமிழில் சொல்கிறார். யாரோ ஒருவர் அதை மொழிபெயர்க்கிறார். மேசைக்கு அப்பால் இருப்பவர் எழுதுகிறார். சில தோட்டங்களில் மலாயில், பல இடங்களில் இன்றைக்கும் ஆங்கிலத்தில். கடைசியில் தாளைத் திருப்பி, "இங்கே கையெழுத்துப் போடு" என்கிறார்கள். அந்தத் தாளில் உள்ளதுதான் தோழர் சொன்னது. அவர் வாயால் சொன்னது காற்றோடு போயிற்று. பிறகு தொழிலியல் நீதிமன்றம் வரை போனாலும் புரட்டிப் பார்க்கப்படுவது அந்தத் தாளே.

தமிழில் பேசும் உரிமையை விட்டுவிடச் சொல்கிறோம் என்று யாரும் எண்ணவேண்டாம். தமிழிலேயே பேசுங்கள், மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கேளுங்கள். ஆனால் மொழிபெயர்த்தவர் எழுதிய வாக்கியம் நீங்கள் சொன்னதுதானா என்று பார்த்தறியும் அளவுக்காவது அந்த மொழியின் எலும்புக்கூடு தெரிந்திருக்கவேண்டாமா? தராசில் பால் நிறுக்கும்போது முள்ளைப் பார்க்கத் தெரிந்த நமக்கு, வார்த்தையை நிறுக்கும்போது மட்டும் ஏன் கண்ணை மூடிக்கொள்ளும் வழக்கம்?

முதலில் சொல் வரிசையை எடுத்துக்கொள்வோம். "மண்டோர் தோழரை அடித்தார்" என்று தமிழில் சொல்லலாம். "தோழரை மண்டோர் அடித்தார்" என்றும் சொல்லலாம். "அடித்தார் ஐயா, தோழரை மண்டோர்" என்று அழுதுகொண்டே சொன்னாலும் அடித்தவர் மண்டோரே; அடி வாங்கியவர் தோழரே. ஏனென்றால் "தோழரை" என்பதில் ஒட்டியிருக்கும் "ஐ" உருபு, அந்தச் சொல் எங்கே போனாலும் கூடவே போகிறது. ஆங்கிலத்தில் பெயர்ச்சொல்லுக்கு அந்த "ஐ" கிடையாது. அங்கே இடமே உருபு. வினைக்கு முன்னால் நிற்பவன் செய்தவன். வினைக்குப் பின்னால் நிற்பவன் பட்டவன். "தி மண்டோர் ஹிட் தி டாப்பர்" என்றால் மண்டோர் அடித்தார். நம் பழக்கத்தில் தோழரை முன்னே வைத்து "தி டாப்பர், தி மண்டோர் ஹிட்" என்று உளறி, எழுதுகிறவர் அதைத் தம் போக்கில் "திருத்தி" எழுதினால் என்ன ஆகும்? "தி டாப்பர் ஹிட் தி மண்டோர்" ஆகிவிடும். அடி வாங்கினவன் அடித்தவனாகிவிட்டான்! மேலாளரைத் தாக்குவதைக் காட்டிலும் சற்றுக் குறைந்த குற்றம் அது. வேலை போவதற்குப் போதுமான குற்றம்.

இதில் நமக்கு ஒரு வசதி இருக்கிறது. நம்மவர் அதை எண்ணிப் பார்ப்பதில்லை. ஆங்கிலத்தின் சொல் வரிசை நமக்குப் புதிதே அன்று. சந்தையில் தினமும் பேசுகிறோமே, மலாய், அதன் வரிசையும் அதுதான். "சாயா மாக்கான் நாசி": நான், உண்கிறேன், சோறு. இதை ஐந்து வயதுப் பிள்ளையும் சொல்லும். அதே கட்டுக்கோப்பில் ஆங்கிலச் சொல்லைப் போட்டால் "ஐ ஈட் ரைஸ்". ஆகவே ஆங்கில வாக்கியம் வரவில்லை என்று தயங்கும் தோழர், அதை முதலில் மனத்தில் மலாயில் சொல்லிப் பார்க்கட்டும். வினை தானாக நடுவில் வந்து நிற்கும். ஆனால் பெயரடையில் மட்டும் மலாயை நம்பவேண்டாம். "ரூமா பெசார்" என்று அங்கே வீடு முன்னே, பெரிது பின்னே. ஆங்கிலமோ தமிழைப் போலவே "பெரிய வீடு" என்கிறது. அந்த இடத்தில் தமிழ் கைகொடுக்கும். மூன்று மொழி புழங்கும் நம்மைப்போன்ற பாட்டாளிக்கு இது ஒரு முதல். வங்கியில் போடாத முதல்!

மலாயால் வரும் தொல்லையும் ஒன்றுண்டு. மலாய் வினைக்குக் காலம் காட்டும் உறுப்பு இல்லை. "சூடா" என்று ஒரு சொல்லைச் சேர்த்தால் முடிந்தது. "பெலும்" என்றால் முடியவில்லை. வினை மட்டும் மாறாமல் அப்படியே நிற்கும். அந்தப் பழக்கத்தில்தான் நம்மவர், "எஸ்டர்டே ஐ கோ" என்கின்றனர். தமிழன் வாயில் இந்தப் பிழை வரவேண்டிய காரணமே இல்லை. "நேற்று நான் போகிறேன்" என்று எந்தத் தமிழ்க் குழந்தையாவது சொல்லுமா?

இனி இறந்தகாலத்திற்கு வருவோம். "கோ வென்ட் ஆகிறது, கம் கேம் ஆகிறது, கட் மட்டும் கட்டாகவே இருக்கிறது, இதற்கு ஒரு நியாயம் உண்டா, இது ஒரு மொழியா?" என்று பழிப்பவர் பலர். பழிக்குமுன் நம் வீட்டைப் பார்ப்போம். கொல் என்பது கொன்றான் ஆகிறது. அப்படியானால் சொல் என்பது சொன்றான் ஆகவேண்டும், சொன்னான் என்கிறோம். கல் என்பது கற்றான். நில் என்பது நின்றான். எல்லாம் லகர ஒற்றில் முடியும் சொற்களே. ஒவ்வொன்றும் ஒரு வழியாகப் போகிறது. வா வந்தான் ஆயிற்று. போ போனான் ஆயிற்று. விடு விட்டான் ஆயிற்று. நன்னூலார் த், ட், ற், இன் என்று இறந்தகால இடைநிலைகளை வகுத்துத் தந்தார். ஜெர்மானியப் பாதிரியார் கிரவுல் 19ஆம் நூற்றாண்டில் நம் வினைகளை ஏழு வகுப்பாகப் பிரித்தார். தமிழ் படிக்க வந்த வெள்ளையர் அந்த ஏழையும் உருப்போட்டுத் தலைவலி கண்டனர். நாமோ ஒன்றையும் உருப்போடாமல் தாயின் மடியில் கேட்டே கற்றுக்கொண்டோம். ஆங்கிலத்தையும் அப்படிக் காதால் கற்கவேண்டுமேயன்றி, மூன்று பத்தி போட்ட பட்டியலைச் சுவரில் ஒட்டி வைத்துக் கற்கமுடியாது. பட்டியல் கண்ணுக்கு, மொழி வாய்க்கு.

இப்படி வழிமாறிப் போகும் வினைகள் ஆங்கிலத்தில் எத்தனை என்று பயப்படுவோருக்கு ஒரு செய்தி. இருநூறு சொச்சம் இருக்கலாம். ஆனால் ஆங்கிலத்தில் மிக அதிகமாகப் புழங்கும் வினைகளைக் கணக்கெடுத்தவர்கள் முதல் பத்து என்று காட்டுபவை பீ, ஹேவ், டூ, ஸே, மேக், கோ, டேக், கம், ஸீ, கெட். பத்தும் வழிமாறிகளே! காரணம் இதுதான்: தினமும் வாயில் புரளும் சொல் தன் பழைய வடிவத்தை விடாது. எப்போதோ ஒருமுறை சொல்லும் சொல்லின் பழைய இறந்தகாலம் மறந்துபோய், பொது வழியில் "எட்" சேர்ந்துவிடும். "ஹெல்ப்" என்ற வினைக்கும் ஒரு காலத்தில் "ஹோல்ப்" என்று தனி வடிவம் இருந்தது. இன்று "ஹெல்ப்ட்" என்றாகிவிட்டது. "வென்ட்" என்பதும் கோவின் பிள்ளை அன்று. "வெண்ட்" என்ற வேறொரு பழைய வினையின் பிள்ளை, கோவின் வீட்டில் தத்து வந்து தங்கிவிட்டது. ஆகவே நாம் கற்கவேண்டியவை நூற்றுக்கணக்கில் இல்லை. அடிக்கடி வருபவை சிலவே. அடிக்கடி வருவதால் அவை சீக்கிரம் படியவும் செய்யும்.

ஆனால் சில வினைகளில் வேலையே தொங்குகிறது. பேராக்கில் ஒரு தோட்டத்தில் நாம் கண்ட ஒரு தாளைச் சொல்கிறோம். தோட்டத்தின் பெயர் வேண்டாம். காற்று மழையில் எல்லையோரத்து மரம் ஒன்று விழுந்தது. விறகுக்காக வெட்டினான் என்று ஒரு தோழர்மேல் குற்றம். அவர், "மரம் விழுந்தது, நான் வெட்டவில்லை" என்றே சொன்னார். தாளில் இருந்ததோ "ஹீ ஃபெல்ட் தி ட்ரீ". ஃபால் என்றால் விழு. அதன் இறந்தகாலம் ஃபெல். ஃபெல் என்று இன்னொரு வினை தனியே உண்டு. அதற்குப் பொருள் வீழ்த்து. அதன் இறந்தகாலம் ஃபெல்ட். "தி ட்ரீ ஃபெல்" என்றால் மரம் விழுந்தது. "ஹீ ஃபெல்ட் தி ட்ரீ" என்றால் அவன் மரத்தை வீழ்த்தினான். தமிழில் விழுந்தது, வீழ்த்தினான் என்று தன்வினைக்கும் பிறவினைக்கும் எவ்வளவு தூரமோ, அவ்வளவு தூரம் ஒரே ஓர் எழுத்தில்! கிளைச் செயலாளர் ஒருவர் அந்த எழுத்தைக் கண்டுபிடித்து, வாசித்துக் காட்டி, தாளைத் திருத்தச் செய்தார். அவரும் ஆறாம் வகுப்பு வரை தமிழ்ப்பள்ளியில் படித்தவரே. எழுதியவர் வேண்டுமென்றே எழுதினாரா, தெரியாமல் எழுதினாரா என்ற ஆராய்ச்சியில் நாம் இறங்கவில்லை. இரண்டுக்கும் வேலை போவது ஒன்றுதான்.

பட்டை ஆழமாக வெட்டுப்பட்டு மரத்தில் காயம் விழுந்தால் அதை "வூண்ட்" என்பார்கள். "வூண்டட் தி ட்ரீ" என்று எழுதிவிட்டால் அது தோழர் உளியால் செய்தது என்று பொருள். "தி ட்ரீ ஹேட் எ வூண்ட்" என்றால் காயம் இருந்தது. யார் செய்தது என்று அதில் இல்லை. மாற்றாள் வெட்டிய நிரைக்கு நம் தோழர் பதில் சொல்லும் நாட்களில் இந்த வித்தியாசம் எவ்வளவு பெரிது என்பதைப் பால் வெட்டுவோர் அறிவர். இன்னும், "கட்" என்ற சொல் நேற்றும் கட், இன்றும் கட். "தே கட் மை வேஜஸ்" என்று மட்டும் எழுதினால் எப்போதோ நடந்ததா, மாதாமாதம் நடக்கிறதா என்று தெரியாது. புட், ஹிட், ஹர்ட் எல்லாம் அந்த ஜாதியே. இவற்றோடு தேதியைக் கட்டாயம் எழுதவேண்டும். "ரீட்" என்பதோ எழுத்தில் ஒன்று, ஒலியில் இரண்டு. நேற்றுப் படித்ததை "ரெட்" என்கிறார்கள். வாக்குமூலத்தின் அடியில் படித்தறிந்தேன் என்று அச்சடித்திருக்கும் வரியில் இருப்பது இந்த "ரெட்"தான். படிக்காமல் அதன்கீழ்க் கையெழுத்துப் போடவேண்டாம்.

பாதிப் பேர் இடறி விழும் இடம் ஒன்று பாக்கி இருக்கிறது. "ஐ டிட் நாட் வென்ட்", "டிட் யூ வென்ட்" என்று சொல்வது. டிட் என்ற சொல்லே இறந்தகாலத்தைத் தூக்கிக்கொண்டபின் பக்கத்தில் உள்ளவனும் எதற்குச் சுமக்கவேண்டும்? "ஐ டிட் நாட் கோ" போதும். இது புரியவில்லை என்பவர் தமிழைப் பார்க்கட்டும். போனேன் என்கிறோம், மறுக்கும்போது "போனவில்லை" என்கிறோமா? "போகவில்லை" என்கிறோம். இல்லை என்ற சொல் வந்ததும் வினை தன் காலத்தைக் கழற்றி வைத்துவிடுகிறது. ஆங்கிலமும் அவ்வாறே. வந்தேன், வரவில்லை; கேம், டிட் நாட் கம். கண்டேன், காணவில்லை, ஸா, டிட் நாட் ஸீ. இதை ஒரு வாரம் பெரட்டுக்குப் போகும் வழியில் முணுமுணுத்தால் ஆயுளுக்கும் போதும்.

இவ்வளவு எளியது நம்மிடம் ஏன் வந்து சேரவில்லை? வரலாற்றைச் சற்றுப் பார்ப்போம். துரைமார் தமிழ் படித்தனர். அவர்களுடைய சங்கமாகிய இன்கார்ப்பரேட்டட் சொசைட்டி ஆஃப் பிளாண்டர்ஸ் 1919இல் தோன்றி, சின்னத் துரைகளுக்குத் தமிழ்த் தேர்வு வைத்தது. அதற்கு முன்பே கொழும்பில் ஃபெர்கூசன் என்பவர் சின்னத் துரையின் சட்டைப்பைக்கென்று ஒரு தமிழ்க் கையேடு போட்டார். அதன் பெயர் என்ன தெரியுமா? "இங்கே வா"! பெயரே ஏவல். வா, போ, வெட்டு, கூட்டு, வாயை மூடு. ஏவலுக்கு இறந்தகாலம் கிடையாது. நடந்ததைச் சொல்லவும் நடந்ததைக் கேட்கவும் வேண்டியவனுக்குத்தான் இறந்தகாலம் வேண்டும். நமக்கு அந்நாளில் வந்த ஆங்கிலமும் அதே ஏவல் ஆங்கிலமாகவே வந்தது. "கம் ஹியர்" தெரியும். "ஹீ டோல்ட் மீ டு கம்" தெரியாது. முன்னது கீழ்ப்படிவதற்கு. பின்னது, நான் சொந்தமாகப் போகவில்லை, அவர் சொல்லித்தான் போனேன் என்று நிரூபிப்பதற்கு.

பள்ளி விஷயமும் தெரிந்ததே. 1923ஆம் ஆண்டுத் தொழிற்சட்டம், பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் உள்ள தோட்டத்தில் பள்ளி வைக்கவேண்டும் என்றது. வைத்தார்கள், எப்படிப்பட்ட கொட்டகையில், யாரை ஆசிரியராக வைத்து என்பதை நம் தாத்தாமார் சொல்லக் கேட்டிருக்கிறோம். ஆங்கிலம் ஈப்போ நகரத்துப் பள்ளிகளில் இருந்தது. ஆங்கிலோ சீனப் பள்ளி 1895லும், ஆண்டர்சன் 1909லும், செயின்ட் மைக்கல் 1912லும் தொடங்கிவிட்டன. தோட்டத்துப் பிள்ளைக்கும் அந்த வாசலுக்கும் நடுவே பஸ் கட்டணம் ஒன்றே பெரிய சுவர். பின்னாளில் தமிழ்ப்பள்ளி முடித்தவன் இடைநிலைப் பள்ளிக்குப் போனால் புகுமுக வகுப்பில் ஓர் ஆண்டு உட்காரவேண்டியிருந்தது. 1970இலிருந்து ஆங்கிலப் பள்ளிகள் படிப்படியாக மலாய்ப் பள்ளிகளாயின. 2003இல் கணிதத்தையும் அறிவியலையும் ஆங்கிலத்தில் நடத்தினார்கள். 2009இல் அது வேண்டாமென்று முடிவெடுத்தார்கள். மேலிருந்து வரும் காற்று இப்படி மாறி மாறி அடிக்கிறது. அதை நம்பி நம் அடுப்பை மூட்டமுடியாது.

இன்னொரு சுவரையும் சொல்லாவிட்டால் நாம் நேர்மையாகப் பேசியவர்களாக மாட்டோம். வெள்ளையர் காலத்தில் கிராணி வேலைக்கு ஆங்கிலம் படித்த யாழ்ப்பாணத்தாரும் மலையாளிகளும் வந்தனர். ஆங்கிலம் ஆபீசுக்குள் இருந்தது; தமிழ் வெட்டுக்காட்டில் இருந்தது. கிராணிமாருக்குத் தனிச் சங்கம், தொழிலாளருக்குத் தனிச் சங்கம் என்று இன்றும் இருக்கிறது. இப்போது தமிழ்ப்பள்ளியில் படித்த நம்மைப் போன்றோரே கிராணி நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறோம். ஆனாலும் தோழர் ஒரு கடிதத்தை நீட்டி, "இதில் என்ன எழுதியிருக்குண்ணே?" என்று கேட்டால், சாரத்தை மட்டும் சொல்லி அனுப்பிவிடும் கிராணிகள் இருக்கின்றனர். சாரம் போதாது தம்பிமாரே! வாக்கியத்தை வாசித்துக் காட்டுங்கள். யார் முன்னே, யார் பின்னே, எது வினை என்று விரலால் தொட்டுக் காட்டுங்கள். அதற்கு இரண்டு நிமிஷம் ஆகும். மறுமுறை அவரே பாதி படித்துக்கொள்வார்.

மலாய் இருக்கும்போது ஆங்கிலம் எதற்கு என்ற கேள்வியை நாம் அலட்சியம் செய்யவில்லை. மலாய் நாட்டின் மொழி. அது தெரியாதவன் அரைக் குருடன். ஆனால் மாப்பாவோடு நம் சங்கம் செய்துகொண்டு வந்த கூட்டு ஒப்பந்தங்களைப் புரட்டிப் பாருங்கள், எந்த மொழியில் இருக்கின்றன என்று. 1954இல் தோட்டத் தொழிலாளர் தேசிய சங்கம் உருவானபோது அதன் பொதுச்செயலாளரான பி. பி. நாராயணன், 1975இல் சுதந்திரத் தொழிற்சங்கங்களின் அனைத்துலகச் சம்மேளனத்துக்கே தலைவரானார். நம் வெட்டுக்காட்டுச் சங்கதியை அவர் உலக மேடையில் எடுத்துச் சொன்னது எந்த மொழியில்? எல்லாரும் நாராயணன் ஆகவேண்டியதில்லை. தம் பேரில் எழுதப்பட்ட பத்து வரியைப் படிக்கத் தெரிந்தால் போதும். அதோடு இப்போது பேராக்கில் ரப்பர் மரம் நின்ற இடமெல்லாம் செம்பனையாகவும் தாமானாகவும் மாறிவிட்டன. புந்தோங்கிலும் செம்மோரிலும் சுங்கை சிப்புட்டிலும் குடியேறிய நம் பிள்ளைகள் தொழிற்சாலை, மருத்துவமனை, கடை என்று வேலைக்குப் போகின்றனர். அங்கேயும் காரணம் கேட்கும் கடிதம் உண்டு; தோட்டத்தோடு அது ஒழிந்துவிடவில்லை.

ஆகவே ஒவ்வொரு கிளையும் வாரத்தில் இரண்டு மாலை, ஒரு மணி நேரம், வகுப்பு வைக்கவேண்டும் என்பது நம் கோரிக்கை. கோவில் மண்டபம் போதும். தமிழ்ப்பள்ளித் தலைமையாசிரியரைக் கேட்டால் ஓர் அறையும் கிடைக்கும். புத்தகம் வேண்டாம். ஒருவர் ஒரு வினையைச் சொல்ல, மற்றவர் அன்று வெட்டுக்காட்டில் நடந்த உண்மையான ஒன்றை மூன்று விதமாகச் சொல்லவேண்டும்: நடந்தது, நடந்ததா, நடக்கவில்லை. "ஹீ கேவ் மீ தி நைஃப். டிட் ஹீ கிவ் மீ தி நைஃப்? ஹீ டிட் நாட் கிவ் மீ தி நைஃப்." உண்மையானதைச் சொல்லவேண்டும் என்பதை வற்புறுத்துகிறோம். பாடநூலில் உள்ள ஜான் பள்ளிக்குப் போன கதை நம் நாக்கில் ஒட்டாது. இடைநிலைப் பள்ளியில் படிக்கும் பிள்ளைகளை அழைத்து வந்து உட்கார வையுங்கள். அப்பாவைத் திருத்துவதில் பிள்ளைகளுக்கு ஒரு சந்தோஷம் இருக்கிறது, அதை அனுபவிக்கட்டும். பெண் தோழர்களுக்கு மாலையில் அடுப்பு வேலை என்று சாக்குச் சொல்லி ஆண்களோடு நிறுத்திவிடக்கூடாது. வெட்டுக்காட்டில் பாதிக் கை அவர்களுடையது. விசாரணையில் வாய் திறக்க அதிகம் தயங்குபவர்களும் அவர்களே.

சங்கத் தலைமைக்கும் ஒரு வேண்டுகோள். விசாரணையில் எழுதப்படும் வாக்குமூலத்தைத் தொழிலாளிக்குத் தெரிந்த மொழியிலும் எழுதிப் பக்கத்தில் வைத்து, இரண்டிலும் கையெழுத்து வாங்கவேண்டும் என்பதை அடுத்த பேச்சுவார்த்தையில் ஒரு கோரிக்கையாக வையுங்கள். கிடைக்கும் வரை வகுப்பு நடக்கட்டும். கிடைத்த பிறகும் நடக்கட்டும்.

முதல் வாரத்துக்கு ஆறு வினை போதும்: கோ வென்ட், கம் கேம், டெல் டோல்ட், கிவ் கேவ், ஃபால் ஃபெல், கட் கட். செவ்வாயும் வியாழனும் வைத்துக்கொள்ளுங்கள். வெள்ளிக்கிழமை வேண்டாம், மண்டபத்தில் பூஜை இருக்கும்.